அண்ணி காருக்கு இன்சூரன்ஸ் எடுத்த கதை

காரைவிட அதன் இன்சூரன்ஸ் விலை அதிகம் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணி பதில் சொல்லி முடித்து, கடைசியில் தொகையைக் கேட்டு முகம் மாறியபோதுதான் நான் உள்ளே வந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டேன். "சரியாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. நாங்க கேட்டது பச்சைக் கலர்ல ஒரு சின்ன காருக்கு. கப்பலுக்கு இல்ல" என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெண் சிரிக்கக்கூட இல்லை. அதே தொகையை அதே குரலில் இன்னொரு தடவை சொன்னாள். கொள்ளைக்காரனாவது முகத்தை மூடிக்கொண்டு வருவான். இவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார்கள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில் என்னைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கிற பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை முகம் தெரியாதவர்கள் எல்லாம் என்னைத் திட்டுவார்கள். "மன்னிக்கணும் சார், புரியுது மேடம்" என்று வாயில் தேன் தடவிக்கொண்டு பேச வேண்டும். அங்கே காட்ட முடியாததை எல்லாம் வெளியே வந்து காட்டித் தீர்ப்பேன். அதனால் இந்தக் கதையை நான் நிதானமாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என் அண்ணனின் மனைவிதான் அண்ணி. அண்ணன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அண்ணி, அம்மா, நான், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மழை பெய்த ஒரு நாள் அண்ணன் ஓட்டிக்கொண்டு போன காரின் மேல் லாரி மோதியது. அண்ணன் அங்கேயே போய்விட்டான். பக்கத்து சீட்டில் இருந்த அண்ணிக்குத் தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். மழை, வழுக்கல், யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று போலீஸ் விசாரணையை மூடிவிட்டது. எங்கள் வீட்டில் மூடவில்லை. அந்த லாரிக்காரன் உருப்படுவானா என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் என் பங்குக்கு இரண்டு போடுவேன். அண்ணி எதுவும் பேச மாட்டார். அவர் பொதுவாகவே பேசாத ஆள்.

அண்ணிக்கு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எனக்கு அந்த வேலையை ஒரு நாள் கொடுத்தால் மறுநாள் நான் படுத்துவிடுவேன். அண்ணி குளிர்காலத்தில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சூடேற்றிக்கொண்டுதான் நோயாளியைத் தொடுவார். பேச்சே வராமல் கிடப்பவரிடம்கூட "இப்ப முதுகு துடைக்கப் போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் துடைப்பார். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அவரைத் தினமும் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அண்ணி லீவு போட்ட அன்று வேறு ஆளை வீட்டுக்குள் விட மாட்டேன் என்று அடம் பிடித்தவரும் அவர்தான்.

இத்தனை நாளும் பஸ்ஸில்தான் போய் வந்தார். கடைசி இரண்டு வீடுகள் பஸ் போகாத குடியிருப்பில் இருந்தன. பிளேட் வைத்த காலோடு மேட்டில் ஏறிப் போவார். அவரை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சியில் புதிதாக ஒரு மேற்பார்வையாளன் வந்தான். வந்த முதல் வாரமே அண்ணியைக் கூப்பிட்டு, "அடுத்த மாசத்துல இருந்து சொந்த வண்டி இருக்கிறவங்களுக்குத்தான் வீடு ஒதுக்குவோம்" என்றான். லைசென்ஸ் இருக்கிறது, கார் பார்த்திருக்கிறேன் என்று அண்ணி சொன்னதும், "அப்ப இன்சூரன்ஸ் பேப்பரை வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா உங்க வீடுங்களை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்றிருக்கிறான். உங்க வீடுங்களாம்! ஏதோ வாடகைக்கு விட்டிருப்பது மாதிரி. அந்த வேலை போனால் அண்ணிக்கு வேறு வேலை கிடையாது. அந்தக் காலோடு நின்றுகொண்டே பார்க்கிற வேலைக்கு யார் எடுப்பார்கள்?

லைசென்ஸ் வாங்கியதே பெரிய கதை. விபத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் அண்ணி காரின் முன்சீட்டில் உட்காரவே மாட்டார். பின்சீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார். அப்படிப்பட்டவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறார். முதல் தடவை ஃபெயில். வேகமாக ஓட்டினார் என்று இல்லை. நடந்து போகிறவர்கள் அவரை முந்திக்கொண்டு போனார்கள் என்று. இரண்டாவது தடவையும் ஃபெயில். மூன்றாவது தடவை பாஸ் ஆகி, லைசென்ஸைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தபோதுதான் எங்களுக்கே தெரியும். அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது?" என்றாள். "தெரிஞ்சிருக்கணும் அத்தை" என்று மட்டும் சொன்னார் அண்ணி.

சரி, இன்சூரன்ஸுக்கு வருகிறேன். முதல் கம்பெனி சொன்ன தொகையைத்தான் கேட்டீர்களே. இரண்டாவது கம்பெனிக்கு அண்ணி தானே ஃபோன் செய்து கேட்டார். முதல் கம்பெனி பரவாயில்லை என்று ஆகிவிட்டது. மூன்றாவதற்கு நேரில் போய்விடலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டை கட்டிய பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினான். எங்களை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கல்யாணம் ஆனவங்களா?"

"கணவர் இறந்துட்டார்" என்றார் அண்ணி.

அவன் எதையோ தட்டினான். தொகை ஏறியது. என் கண் முன்னால் ஏறியது.

"ஏன் தம்பி, புருஷன் செத்துட்டா பிரேக் பிடிக்காதுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுதா?" என்று கேட்டேன்.

"ரிஸ்க் கணக்கு மேடம். புது டிரைவர் வேற. அப்புறம் பழைய ரெக்கார்டும் ஒண்ணு காட்டுது..." என்று முனகினான். அதையெல்லாம் காதில் வாங்குகிற நிலையில் நான் இல்லை. அவன் கம்பெனி, அவன் கம்ப்யூட்டர், அவன் டை, எதையும் விட்டுவைக்காமல் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். வாசலில் அண்ணி, "அந்தப் பையன் என்ன பண்ணுவான், பாவம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாவத்தை அங்கேயே இரண்டாகக் கிழித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எந்தச் சிக்கலுக்கும் குறுக்கு வழி கைவசம் வைத்திருப்பவர்.

"இதுக்கா இவ்வளவு அலைச்சல்? காரை என் பேர்ல எழுது. எனக்கு முப்பது வருஷ லைசென்ஸ். நான்தான் ஓட்டுறேன், நீ எப்பவாவது எடுக்கிறேன்னு சொல்லிடு. பாதி விலைக்குக் கொடுப்பான்."

"தினமும் நான்தானே மாமா ஓட்டப் போறேன்?" என்றார் அண்ணி.

"அதை எவன் வந்து எட்டிப் பார்க்கப் போறான்?"

"நாளைக்கு யாரையாவது இடிச்சிட்டா எட்டிப் பார்ப்பாங்க. அப்ப இடிபட்டவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது."

மாமா என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், நான் மாமா பக்கம்தான் இருந்தேன். "எல்லாரும் செய்யறதுதானே அண்ணி! அவங்க மட்டும் நம்ம தலையில மிளகாய் அரைக்கலாமா?" என்று கத்தினேன். "எனக்கு வராது, விடு" என்று சொல்லிவிட்டு அண்ணி துணி மடிக்கப் போய்விட்டார். கத்துகிறவர்களோடு சண்டை போடலாம். துணி மடிக்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அன்று ராத்திரி முழுக்க உர்ரென்று இருந்தேன்.

வியாழக்கிழமை ஆகிவிட்டது. மறுநாள் பேப்பரைக் கொடுக்க வேண்டும். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா உள் அறையில் படுத்திருந்தாள். சமையலறை மேஜையில் ஃபோனை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டோம். நாலாவது கம்பெனி. "நீ நடுவுல பேசக் கூடாது" என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்காத குறை. நான் டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஃபோனில் ஓர் ஆண் குரல். மரியாதையான ஆள்தான். பெயர், பிறந்த தேதி, கார் எந்த வருஷத்து மாடல், ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"லைசென்ஸ் எப்ப எடுத்தீங்க மேடம்?"

"இந்த வருஷம்தான் சார். அஞ்சு மாசம் ஆகுது."

"சரி. கடைசி அஞ்சு வருஷத்துல விபத்து ஏதும் ஆயிருக்கா?"

"ஆயிருக்கு" என்றார் அண்ணி.

"தப்பு யார் மேல?"

"என் மேலதான்."

டக் டக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அண்ணி எந்த விபத்தைச் சொல்கிறார்? புரிந்தபோது கையிலிருந்த டீ மேஜையில் கொட்டிவிட்டது.

"நிறுத்துங்க! தட்டுறதை நிறுத்துங்க முதல்ல!"

"மேடம், நீங்க யாரு?"

"நான் யாரா இருந்தா உங்களுக்கு என்ன? லைசென்ஸ் எடுத்து அஞ்சு மாசம்னு இப்பதானே சொன்னாங்க. அந்த விபத்து நடந்து நாலு வருஷம் ஆச்சு. அப்ப அவங்க எதை ஓட்டிட்டுப் போய் இடிச்சாங்க? கட்டிலையா? பீரோவையா? ஒரு மனுஷனுக்கு இது தோணாதா?"

"விபத்து ஆயிருக்குன்னு அவங்கதானே மேடம் சொன்னாங்க..."

"விபத்து ஆயிருக்கான்னு கேட்டீங்க, ஆயிருக்குன்னாங்க. யாருக்கு ஆயிருக்கு, யார் ஓட்டி ஆயிருக்குன்னு கேட்டீங்களா? உங்க கேள்வியில அது இருக்கா? தலையும் இல்லாம வாலும் இல்லாம ஒரு கேள்வி கேட்கிறது, அப்புறம் வர்ற பதிலை வச்சு ஊரைக் கொள்ளையடிக்கிறது! நல்லா இருக்கய்யா உங்க தொழில்!"

அவன் பாவம், நான் செய்கிற அதே வேலையைச் செய்கிறவன். எனக்கே தெரிகிறது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவன் விளக்கினான். முதல் கம்பெனியில் அண்ணி சொன்ன பதில் எல்லாக் கம்பெனிகளும் பார்க்கிற பொதுப் பதிவில் ஏறிவிட்டதாம். இரண்டாவது கம்பெனியிலும் அதே பதில்; டை கட்டிய பையன் பார்த்ததும் அந்தப் பதிவைத்தான். விபத்து உண்டு, தப்பு தன்னுடையது. புது டிரைவர், அதுவும் ஏற்கெனவே இடித்த டிரைவர்! அடப்பாவிகளா, நாலு இடத்தில் கேட்டும் ஒருத்தருக்குக்கூடவா தேதியைக் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை?

"ஒரு நிமிஷம் இருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு அண்ணி பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? ஓட்டினது அண்ணன். இடிச்சது லாரிக்காரன். இதுல உங்க தப்பு எங்க இருந்து வந்துச்சு?"

அண்ணி துணியை எடுத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தானே திரும்பிப் போகலாம்னு சொன்னேன்" என்றார். "இஸ்திரிப் பெட்டியை அணைச்சேனான்னு சந்தேகமா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து பார்த்தா, அணைச்சுத்தான் வச்சிருக்கேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இஸ்திரிப் பெட்டிக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்? இதற்காகவா ஒரு மனுஷி நாலு வருஷமாகத் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டு திரிவாள்? அதையும் கூசாமல் இன்சூரன்ஸ்காரனிடம் போய்ச் சொல்லுவாள்?

ஃபோனில் அவன் கனைத்தான். "மேடம், அவங்க ஓட்டலைன்னா இது அவங்க கணக்குல வரவே வராது. பதிவை மாத்திடலாம். ஆனா தப்பு தன் மேலன்னு அவங்களே முன்னாடி சொல்லியிருக்கிறதால, நடந்தது என்னன்னு அவங்க குரல்லயே பதிவு பண்ணணும். மாத்திட்டா பிரீமியம் பாதிக்கும் கீழ வந்துடும்."

"நான் சொல்றேன், பதிவு பண்ணிக்கங்க" என்றேன்.

"உங்க குரல் செல்லாது மேடம். அவங்கதான் சொல்லணும்."

பீப் என்று ஒரு சத்தம் வந்தது. "பதிவு ஆரம்பிக்குது. விபத்து நடந்தப்ப வண்டி ஓட்டினது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"நீங்க?"

"பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்தேன்."

"தப்பு யார் மேல?"

நான் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் பெரிய ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காட்டினேன். லாரி, லாரி என்று சத்தம் வராமல் வாயசைத்தேன். ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் நாளைக்கு அந்த மேற்பார்வையாளன் மூஞ்சியில் பேப்பரை வீசிவிட்டு வரலாம்.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அம்மா படுத்திருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"லாரிக்காரர் மேல இல்ல" என்றார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம். சரியா பதிவாகல."

"லாரிக்காரர் மேல தப்பு இல்லைன்னு சொன்னேன்." அண்ணியின் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "அவர் பாட்டுக்கு அவர் பாதையிலதான் வந்தாரு. ஹாரனும் அடிச்சாரு. எங்க வீட்டுக்காரர் நடு ரோட்டுல வண்டியைத் திருப்பினாரு. அங்க திருப்பவே கூடாது. அடுத்த ரவுண்டானாவுல திருப்பிக்கலாங்கன்னு நான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். கேட்டாத்தானே? 'உனக்கு என்ன தெரியும், நீ என்னிக்காவது வண்டி ஓட்டியிருக்கியா?'ன்னு கேட்டாரு. அதுதான் அவர் கடைசியா பேசினது. தப்பு அவர் மேல. எழுதிக்கங்க."

"பதிவாயிடுச்சு மேடம்" என்றான் அவன், மெதுவாக. பிறகு புதுத் தொகையைச் சொன்னான். மாதா மாதம் கட்டினால் அண்ணி சம்பளத்திலேயே தாங்கும். அண்ணி கார்டை எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாக, தடுமாறாமல் படித்தார். பேப்பர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று சொல்லி அவன் ஃபோனை வைத்தான்.

எனக்கு முதலில் அண்ணி மேல்தான் கோபம் வந்தது. செத்துப் போன என் அண்ணனைப் பற்றி, யாரோ ஒரு இன்சூரன்ஸ்காரனிடம், நான் உட்கார்ந்திருக்கும்போதே எப்படிச் சொல்லலாம்? பொய், அப்படி நடந்திருக்காது என்று கத்த வாயெடுத்தேன். கத்த முடியவில்லை. அண்ணனை எனக்குத் தெரியும். க்யூவில் நிற்க மாட்டான். சிக்னலில் நிற்க மாட்டான். யார் என்ன சொன்னாலும் உனக்கு என்ன தெரியும் என்பான். என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்! அண்ணி அந்த வார்த்தைகளைச் சொன்னபோது அவன் குரலே காதில் கேட்டது.

"ஏன் அண்ணி எங்ககிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அத்தை தினமும் அந்த லாரிக்காரரைத் திட்டுறாங்க. நீயும் திட்டுற. அந்த மனுஷன் மேல பழி போட எனக்கு மனசு வரல. உன் அண்ணன் மேல போட வாய் வரல. மிச்சம் இருந்தது நான்தானே?"

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. அண்ணி துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கோபமா இருக்கியா?"

"ஆமா."

"என் மேலயா?"

"இல்ல. அவன் மேல. செத்தவன் மேல போய்க் கோபப்படுறேன் பாருங்க."

அண்ணி என் கையைப் பிடித்தார். விரல்கள் வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தார்.

"எனக்கும்தான்" என்றார். "நாலு வருஷமா."